கத்தரி எவர் கையில்?

(மேலை நாட்டுச் சொல்லிசைக் காணொளிகளும் தணிக்கைப் பூசலும் பற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வுரையின் பொருள் பாட்டு. ஆயின் செவிக்கினிய பாட்டன்று. சுடுகலனும் குருதியும் வசைமொழியும் நிறைந்த பாட்டு. அப் பாட்டைக் கண்முன் நிறுத்தும் காணொளி. அக் காணொளியை ஒடுக்கவேண்டும் என்று ஓர் அணியும், ஒடுக்கலாகாது என்று மற்றோர் அணியும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நடத்திவரும் பூசல். 'ராப்' என்று மேலையர் வழங்கும் அச் சொல்லிசையைத் தமிழ் இளைஞரும் இன்று கேட்கின்றனர், பாடவும் பாடுகின்றனர். ஆகலான் அப் பூசலின் வேரை அறிந்துகொள்வது வீண்வேலை ஆகாது.

முதற்கண் அதன் பிறப்பை அறிதல் வேண்டும். 1973ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 11ஆம் நாள், நியூயார்க்கு நகரின் பிராங்க்சுப் பகுதியில், செட்சுவிக்குச் சாலையின் 1520ஆம் எண்ணுள்ள அடுக்ககத்தில், ஓர் இளம்பெண் ஏற்பாடு செய்த எளிய விருந்தில் அவள் தமையன் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். யமேக்காவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய அவ் விளைஞரின் புனைபெயர் 'கூல் எர்க்கு'. அக் கூட்டத்தையே சொல்லிசைப் பண்பாட்டின் பிறந்தநாள் என்று வரலாற்றாசிரியர் பலர் குறிக்கின்றனர். அந்நாளில் பிராங்க்சு எந்நிலையில் இருந்தது? விரைவுச் சாலைக்காகக் குடியிருப்புகள் பிளக்கப்பட்டிருந்தன, தொழிற்சாலைகள் வெளியேறியிருந்தன, அடுக்ககங்கள் தெருத்தெருவாக எரிந்துகொண்டிருந்தன. அந்த எரிமேட்டில் பிறந்த கலை முதலில் கையிலெடுத்தது சுடுகலனை அன்று, ஆடலையும் பாடலையுமே! 1982இல் 'செய்தி' எனும் பொருள்படும் பெயரோடு வந்த பாடல், அப் பகுதியின் வறுமையையும் நெருக்கடியையும் ஊரறியப் பாடியது. அழிந்த தெருவின் முறையீடாகவே இவ்விசை அன்று ஒலித்தது.

முறையீடு எங்ஙனம் கொலைக்கூத்தாக மாறியது? அதற்கு விடை பாவலன் உள்ளத்தில் மட்டும் இல்லை. வணிகன் கணக்கேட்டிலும் உள்ளது.

1981 ஆகத்து முதல் நாளில் 'எம்.டி.வி.' எனும் இசைத் தொலைக்காட்சி தொடங்கிற்று. தொடக்க ஆண்டுகளில் கருப்பினக் கலைஞரை அது பெரும்பாலும் புறக்கணித்தே வந்தது. 1988இல் சொல்லிசைக்கென்றே ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியபின், ஏழைத் தெருவின் பாட்டு செல்வர் வீட்டுக் கூடத்திற்குள் காட்சியாக நுழைந்தது. 1991 மே திங்களில் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. அதுவரை எந்த இசைத்தட்டு மிகுதியாக விற்றது என்பதைக் கடைக்காரர் கூற்றை வைத்தே 'பில்போர்டு' இதழ் வரிசைப்படுத்தி வந்தது. அதன்பின் கடைகளில் பதிவாகும் உண்மை விற்பனையைக் கணினி எண்ணத் தொடங்கியது. அடுத்த திங்களே வெடித்தது வியப்பு! வானொலி தொடத் தயங்கிய 'என்.டபிள்யூ.ஏ.' குழுவின் கொலைப்பாட்டுத் தொகுதி முதல்வாரம் இரண்டாம் இடத்திலும் மறுவாரம் முதலிடத்திலும் நின்றது. புறநகர் அங்காடிகளில் வெள்ளை இளைஞர்கள் அதனைப் பெருவாரியாக வாங்குகின்றனர் என்பது வணிகர்க்கு விளங்கிற்று. கருப்பினத்தான் சாவு வெள்ளையன் வீட்டில் நல்ல விலைக்குப் போகும் என்பதைக் கணினி கற்பித்தது, முதலாளி கற்றுக்கொண்டான்.

இனித் தணிக்கை கேட்டோரின் பக்கத்தையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். அவர்களுள் ஆட்சியாளர் மட்டும் இலர். கருப்பினத் தாய்மாரும் சமயத் தொண்டரும் இருந்தனர். நியூயார்க்கின் ஆர்லம் பகுதியில் கால்வின் பட்சு எனும் கிறித்தவக் குரவர் 1993 சூன் திங்களில் இழிபாடல்களுக்கெதிராகத் தெருவில் இறங்கினார். மார்ட்டின் லூதர் கிங்கோடு உரிமைப் போரில் நடந்தவரான டெலோரிசு டக்கர் அம்மையார், தம் இனப்பெண்டிரை இழித்துப் பாடும் பாட்டால் பொருளீட்டுவோரை விடாது துரத்தினார். அவர்தம் சினத்தில் நயன்மை இருந்தது. ஏனெனில் அப் பாடல்களிற் பல பெண்ணைப் பண்டமாக்கின. உடன்பிறந்தானைக் கொல்வதை ஆண்மை என்றன. 1996 செபுதம்பரில் டூபாக் சக்கூரும், 1997 மார்ச்சில் 'நொட்டோரியசு பி.ஐ.சி.' எனும் கலைஞரும் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, முன்னவர்க்கு அகவை 25, பின்னவர்க்கு 24! இளஞ்சாவுகளைக் கண்ட தாய் 'இப் பாட்டை நிறுத்துங்கள்' என்று கதறினால், அவளை அறியாதவள் என்று ஒதுக்குவோன் அறிவுடையோன் ஆகான்.

ஆயினும் அத் தாயின் கண்ணீரை ஏந்திக்கொண்டு கத்தரி எடுத்தவர் எதனை வெட்டினர் என்பதே வினா.

1989இல் 'என்.டபிள்யூ.ஏ.' குழுவின் காணொளி ஒன்றை எம்.டி.வி. ஒளிபரப்ப மறுத்தது. அதே ஆண்டு ஆகத்தில் அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறையின் உயரலுவலர் ஒருவர் அக் குழுவின் இசைத்தட்டு நிறுவனத்திற்கு மடல் எழுதினார். 1988இல் கடமையின்போது கொல்லப்பட்ட காவலர் 78 பேர் என்பதைச் சுட்டி, இத்தகைய பாடல் காவலர்க்கெதிரான வன்முறையை ஊக்குவிக்கிறது என்று அம் மடல் கூறிற்று. பாட்டுக்கு மறுப்பெழுதுவது புலனாய்வுத் துறையின் வேலையா? அக் குழு பாடிய பிற பாடல்களில் கருப்பினத்தான் கருப்பினத்தானைக் கொன்றான், பெண்டிர் இழிக்கப்பட்டனர். அவற்றுக்காக மடல் வரவில்லை. காவலர் கொடுமையைப் பழித்த பாட்டுக்கே வந்தது! ஏழை செத்தால் அது பொழுதுபோக்கு. ஆட்சியின் சீருடை மேல் சேறு பட்டால் அது வன்முறை. கத்தரியின் கண் எங்கே இருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வேண்டுமெனின் 1991-92ஆம் ஆண்டுகளை நோக்குக. 1991 மார்ச்சு 3ஆம் நாள் லாசு ஏஞ்சலசு நகரில் ராட்னி கிங் எனும் கருப்பினத்தவரைக் காவலர் சூழ்ந்து தடிகொண்டு அடித்தனர். அயல் வீட்டார் ஒருவர் அதனைப் படக்கருவியிற் பதிந்தார், உலகமே கண்டது. 1992 ஏப்பிரல் 29ஆம் நாள் மாநில நயன்மன்றத்தில் அக் காவலர் நால்வர் மீதான வழக்கு ஏறத்தாழ முழுவதுமாக வீழ்ந்து, அவர்கள் வெளியேறினர். நகர் பற்றி எரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நடுவணரசு தொடுத்த மறுவழக்கில் அவருள் இருவர் ஒறுக்கப்பட்டது 1993இல்தான். இவ் வெரிதழல் அடங்குமுன், 1992 சூனில் காவலர் அமைப்புகள் 'ஐசு-டி' எனும் கலைஞரின் பாட்டு ஒன்றை எதிர்த்துப் போர்க்கொடி உயர்த்தின. கொடிய காவலரைக் கொல்ல முனையும் ஒருவன் கூற்றாக அமைந்த பாட்டு அது. உண்மையில் அது சொல்லிசையே அன்று. 'பாடி கவுண்ட்டு' எனும் குழுவின் வன்மின்னிசைப் பாட்டு. பாடியவர் சொல்லிசையர் என்பதனால் பழி முழுதும் சொல்லிசை மேல் விழுந்தது.

அன்றைய குடியரசுத் தலைவர் சியார்சு புசு, திரைப்படமாயினும் இசைத்தட்டாயினும் காவலரைக் கொல்வதைப் புகழ்வது இழிவு என்றார். நன்று! ஆனால் 1984இல் வெளிவந்த 'டெர்மினேட்டர்' எனும் திரைப்படத்தில் காவல் நிலையம் புகுந்து காவலரை அடுக்கடுக்காகச் சுட்டு வீழ்த்தும் உருவில் தோன்றிய நடிகரை, 1990இல் தம் உடல்நல மன்றத் தலைவராக அமர்த்தியவரும் அவரேயன்றோ? அப் படத்திற்காக எவரும் அந் நடிகரைக் கொலைகாரர் என்று அழைக்கவில்லை. அழைத்திருந்தால் அது பேதைமை. நடிகன் வேறு, அவன் தாங்கும் உரு வேறு என்பதை வெள்ளை நடிகர்க்கு ஒப்பிய உலகம், கருப்பினப் பாவலர்க்கு ஒப்ப மறுத்தது. 1992 சூலை இறுதியில் ஐசு-டி அப் பாட்டைத் தாமே தொகுதியினின்றும் நீக்கினார்.

இவ் வேறுபாடு வெறும் ஐயமன்று. 1996இல் கேரி பிரைடு எனும் உளநூல் ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். காவலர் ஒருவரைச் சுட்டவனின் கதையைக் கூறும் பழைய நாட்டார் பாணிப் பாட்டொன்றின் வரிகளைத் தாளில் அச்சிட்டு மக்களிடம் கொடுத்தார். சிலர்க்கு அது சொல்லிசைப் பாட்டு என்று கூறப்பட்டது. சிலர்க்கு அது வெள்ளையர் நாட்டுப்புற இசை என்று கூறப்பட்டது. வரிகள் அவையே, எழுத்தும் மாறவில்லை. சொல்லிசை என்று கேட்டவரே அதனை மிகுதியாக அஞ்சினர். தடையும் எச்சரிக்கையும் வேண்டும் என்று மிகுதியாகக் கூறினர். 1997இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இசைக்காணொளிகள் 518ஐ எண்ணிப் பார்த்தது. வன்முறை காட்டியவை சொல்லிசையில் 20.4 விழுக்காடு, ராக்கு இசையில் 19.8 விழுக்காடு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள இடைவெளி எவ்வளவு? ஒரு விழுக்காடும் இல்லை! ஆயின் வன்முறை என்றதும் உலகின் விரல் எப் பக்கம் நீண்டது என்பதை நாடறியும்.

தணிக்கையாளர் ஒருபுறம் நிற்க, வணிகரின் நாடகத்தைக் காண்க. 1985இல் அமெரிக்க மூதவையில் நடந்த உசாவலை ஒட்டி, பெற்றோரை எச்சரிக்கும் ஒட்டுச்சீட்டை இசைத்தட்டின் மேல் ஒட்ட நிறுவனங்கள் இசைந்தன. 1990இல் அது ஒரே வடிவம் பெற்றது. சீட்டு என்ன செய்தது? தடுக்கவேண்டிய சீட்டே இளைஞனைக் கூவி அழைக்கும் விளம்பரமாயிற்று. 1995 மே திங்களில் டக்கர் அம்மையார் டைம் வார்னர் நிறுவனத்தின் பங்காளர் கூட்டத்திற்கே சென்று எழுந்து வினவினார். அத் திங்களிறுதியில் பாபு டோல் எனும் அரசியல் தலைவரும் அந் நிறுவனத்தைச் சாடினார். செபுதம்பரில் அந் நிறுவனம் 'இன்டர்சுகோப்பு' எனும் இசைத்தட்டு நிறுவனத்தில் தனக்கிருந்த பாதிப் பங்கை ஏறத்தாழ 11.5 கோடி டாலருக்கு விற்றுக் கைகழுவியது. நல்லோர் வென்றனர் என்று நாடு மகிழ்ந்தது. ஐந்து திங்கள் கழிந்தன. 1996 பிப்பிரவரியில் எம்.சி.ஏ. எனும் மற்றொரு பெருநிறுவனம் அதே பாதியை ஏறத்தாழ 20 கோடி டாலருக்கு வாங்கிற்று! பாட்டு நின்றதா? இல்லை. குருதி நின்றதா? இல்லை. விற்றவன் தூயவன் என்ற பெயர் பெற்றான். வாங்கியவன் பெருஞ்செல்வன் ஆனான். பாடிய இளைஞன் அதே ஆண்டு தெருவில் வீழ்ந்தான்.

இது பழங்கதை, இன்று இணையக் காலம், இன்று அங்ஙனம் நடவாது என்று கருதுவோர் இலண்டனை நோக்குக. சிக்காகோவில் தோன்றிய 'டிரில்' எனும் சொல்லிசை வகை அங்கே தென்பகுதித் தெருக்களில் வேர்விட்டது. கத்திக் குத்தும் குழுப்பகையும் பேசும் அப் பாட்டுகளே கொலைகளுக்குக் கரணியம் என்று காவல்துறை கூறிற்று. 2018இல் முப்பது காணொளிகளுக்கு மேல் யூடியூப் நீக்கியது. 2019 சனவரியில் இலண்டனைச் சேர்ந்த இளைஞர் இருவர், நயன்மன்றத் தடையாணையை மீறி ஒரு பாட்டைப் பாடியமைக்காக ஒன்பது திங்கள் சிறை பெற்றனர். அவ் வொறுப்பு நிறுத்திவைக்கப்பட்டது. 2021 சூன் முதல் 2022 மே வரை ஓராண்டில் இசை தொடர்பாகச் சமூக ஊடகங்களுக்கும் இசை வழங்கும் தளங்களுக்கும் இலண்டன் காவல்துறை விடுத்த வேண்டுகோள்கள் 286. அவற்றுள் 286உம் டிரில் இசையைப் பற்றியவை! 255 வேண்டுகோள்களின்படி பாட்டுகள் நீக்கப்பெற்றன. இவ்வெண்களை வெளிக்கொணர்ந்தது மேட்டா நிறுவனத்தின் மேற்பார்வை வாரியம். 2022 நவம்பரில், காவல்துறை சொல்கேட்டு நீக்கிய பாட்டொன்றை மீள வைக்குமாறு அவ் வாரியம் தீர்ப்பளித்தது. வழக்கில்லை, நடுவரில்லை, பாடியவனுக்கு ஒரு சொல் உரைக்க இடமில்லை. ஒரு மடலில் பாட்டு மறைகிறது. முற்காலத் தணிக்கையாளன் கத்தரியோடு எதிரே நின்றான். இக்காலத் தணிக்கையாளன் முகமே தெரிவதில்லை.

பாட்டை மறைப்பதோடும் அமையவில்லை; பாட்டே குற்றச்சான்றாக நயன்மன்றம் ஏறிற்று. அமெரிக்காவின் சியார்ச்சியா மாநிலத்தில் 'யங் தக்' எனும் புகழ்பெற்ற கலைஞர் 2022 மே திங்களில் குழுக்குற்ற வழக்கில் சிக்கினார். அவர் பாடல்களைச் சான்றாகக் கொள்ள 2023 நவம்பரில் நடுவர் இசைந்தார். ஈராண்டுக்கு மேல் சிறையில் இருந்தபின், 2024 அக்குதோபர் 31ஆம் நாள் சில குற்றங்களை ஒப்பி அவர் விடுதலை பெற்றார். எனினும் எதிர்க்குரலும் எழாமலில்லை. குற்றத்தோடு நேர்த்தொடர்பு இல்லாத பாட்டைச் சான்றாகக் காட்டலாகாது என்று நியூசெர்சி மாநில உச்சநயன்மன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2022இல் கலிபோர்னியா மாநிலம் இத்தகைய சான்றைக் கட்டுப்படுத்தச் சட்டமே இயற்றியது. வன்முறையைக் காட்டுவதும் வன்முறையைத் தூண்டுவதும் ஒன்றல்ல என்பதை அமெரிக்க உச்சநயன்மன்றமும் 2011இல் காணொளி விளையாட்டு வழக்கில் ஏழுக்கு இரண்டு எனும் பெரும்பான்மையால் நிலைநாட்டியது.

இவ்வுண்மை தமிழர்க்குப் புதிதன்று. பேய்கள் பிணங்கொண்டு கூழடும் களத்தைப் பாடியது கலிங்கத்துப் பரணி. ஒரு நகரே எரிந்ததைப் பாடியது சிலப்பதிகாரம். அவற்றைப் பாடியோரைக் கொலைஞர் என்றோ தீவைத்தோர் என்றோ தமிழர் பழித்ததில்லை.

தமிழ்க்குருதி ஓடும் ஒரு கலைஞர்க்கே இக் கத்தரி நேர்ந்ததையும் இவ்விடத்துக் கூறுதல் வேண்டும். மாயா எனும் மாதங்கி அருட்பிரகாசம் ஈழத் தமிழ்ப் பெற்றோர்க்கு இலண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழவிப் பருவம் கழித்து, போர் துரத்த இலண்டன் மீண்டவர், 'எம்.ஐ.ஏ.' எனும் பெயரால் உலகறிந்த சொல்லிசைக் கலைஞர். 2010 ஏப்பிரலில் அவர் வெளியிட்ட காணொளியில், படைக்கலம் தாங்கிய ஆட்சிப்படையினர் செம்மயிர் இளைஞரை வேட்டையாடிக் கொண்டுசென்று கொல்கின்றனர். மயிரின் நிறம் கருதி ஓர் இனத்தை அழிப்பது எத்துணைக் கொடிய மடமை என்பதை நெஞ்சில் அறையவே அக் காட்சி. யூடியூப் அதனைச் சில இடங்களில் நீக்கியும் அகவை வரம்பிட்டும் மறைத்தது. அது புனைவு. ஆனால் அதற்கு எட்டுத் திங்கள் முன்னர், 2009 ஆகத்தில், பிரித்தானியாவின் நான்காம் அலைவரிசை ஒளிபரப்பிய காட்சி புனைவன்று. ஆடையின்றிக் கைகட்டப்பட்ட ஆடவரைச் சிங்களப் படையினர் சுட்டுக் கொல்வதாக அது காட்டிற்று. பொய்ப்படம் என்று மறுத்தது இலங்கை அரசு. ஒன்றிய நாடுகள் அவையின் சிறப்பு அறிவிப்பாளர் பிலிப்பு ஆல்சுட்டன், வல்லுநர் மூவரின் ஆய்வைக்கொண்டு, அது மெய்யெனவே வலுவாகத் தோன்றுகிறது என்று 2010 சனவரியில் அறிவித்தார். புனைந்து காட்டிய கொலை உடனே மறைக்கப்பட்டது; மெய்யாக நிகழ்ந்த கொலைகளுக்கு நயன்மை இன்னும் கிட்டவில்லை. வன்முறைக் காட்சி தீது என்போர், வன்முறையை விட்டுக் காட்சியையே முதலில் பிடிப்பதேன்?

அங்ஙனமாயின் எதனையும் எவனும் பாடலாம், எக் காட்சியையும் குழவிகள் காணலாம் என்பதா முடிபு? அன்று, அன்று! மூன்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது மிரட்டல். இன்னானை இன்ன இடத்திற் கொல்வோம் என்று பெயர் சுட்டி ஒருவன் பாடினால், அது பாட்டாயினும் மிரட்டலே. அதற்கு வழக்கமான சட்டம் உண்டு, நயன்மன்றம் உண்டு, சான்றுகாட்டி ஒறுக்கட்டும். அதற்காக ஓர் இசைவகையையே காவல்துறையின் பட்டியலில் ஏற்றுதல் முறையன்று.

இரண்டாவது கலை. எரியும் தெருவை எரிகின்றது என்று பாடுவது. கொடுமையைக் கொடுமையாகக் காட்டுவது. அது கேட்போர்க்குக் கசப்பினும், ஆள்வோர்க்கு உறுத்தினும் கத்தரி அதன்மேற் படலாகாது. இன்று காவலரைப் பழித்த பாட்டை வெட்டும் கத்தரி, நாளை ஒடுக்கப்பட்ட எவ்வினத்தின் முறையீட்டையும் வெட்டும்.

மூன்றாவது வணிகம். இளைஞர் சாவையும் பெண்ணின் இழிவையும் பண்டமாக்கி விற்போன் கலைஞன் அல்லன். அவனுக்குக் கருத்துரிமை எனும் போர்வை பொருந்தாது. ஆயின் அவனை வெல்லும் படைக்கலம் அரசின் தடையன்று, மக்களின் மறுப்பு. டக்கர் அம்மையார் பங்காளர் கூட்டத்திலே எழுந்து நின்றாரே, அதுவே வழி: வாங்காமை, கணக்குக் கேட்டல், முகத்துக்கு முகம் நாணச் செய்தல். அவ்வழி ஒரு நிறுவனத்தோடு நின்றதனால்தான் அடுத்த நிறுவனம் வாங்கிற்று. எல்லா நிறுவனத்தின் வாயிலிலும் நின்றிருந்தால் வாங்குவோன் எங்கே?

அதனினும் சிறந்த வழியொன்றைப் பாவலரே காட்டினர். 1987 ஆகத்தில் 'இசுகாட்டு லா ராக்கு' எனும் இளங்கலைஞர் பிராங்க்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தோழர் 'கே.ஆர்.எசு.-ஒன்' அரசிடம் தடை கேட்டு ஓடவில்லை. பழிக்குப் பழி என்று சுடுகலனையும் ஏந்தவில்லை. பல சொல்லிசையரைத் திரட்டி வன்முறை நிறுத்த இயக்கம் தொடங்கினார். 1989 சனவரியில் அவர்கள் ஒருங்கு பாடிய பாட்டு, தன் இனத்தான் தன் இனத்தானைக் கொல்லும் மடமையைச் சாடியது. அதன் வருவாய் கருப்பின மக்கள் நலத்திற்காக உழைக்கும் அமைப்புக்குச் சென்றது. மறு ஆண்டு மேலைக் கரைக் கலைஞரும் அவ்வாறே கூடிப் பாடினர். தெருவின் நோயைத் தெருவே உணர்ந்து, தன் மொழியில், தன் பாட்டால் மருந்திட்டது.

அவையோரே! நஞ்சு கலந்த பாட்டுக்கு மாற்று ஊமையாதல் அன்று; நல்ல பாட்டு. அதனை ஆக்கும் பொறுப்பு பாவலர்க்கு உண்டு. அதனைத் தேர்ந்து குழவிகட்கு ஊட்டும் பொறுப்பு பெற்றோர்க்கு உண்டு. தீயதை விலைகொடுத்து வாங்காதிருக்கும் பொறுப்பு மக்கள் எல்லார்க்கும் உண்டு. இம் மூன்று பொறுப்பையும் துறந்துவிட்டு ஆட்சியின் கையிற் கத்தரியைக் கொடுக்கும் குமுகாயம், முதலில் தன் பாட்டை இழக்கும். பின்னர்த் தன் நாவையே இழக்கும்.

நாவைக் காப்போம், செவியைத் தேர்ச்சியோடு திறப்போம், கத்தரியை எவர் கையிலும் கொடாதிருப்போம்!